கடைச் சரக்கு கழிவாகும்போது: கிடங்குப் பணியாளர் ஒருவருக்கு மருத்துவரின் பதில்

பெங்களூரை அடுத்த ஹொஸ்கோட்டைப் பகுதியில், வீட்டு உபயோகப் பொருள்களைக் கடைகளுக்கு அனுப்பும் பெரிய கிடங்கு ஒன்றில் வேலை செய்யும் வாசகர் எழுதியிருக்கிறார். வயது 34. ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாகச் சேர்ந்தவர். திரும்பி வரும் சரக்கையும் உடைந்த சரக்கையும் பிரிக்கும் பகுதியில் ஒரு ஷிஃப்டுக்குப் பொறுப்பாளர். அவருக்குக் கீழே ஆறு பேர். அவர்களில் ஒரு பெண் ஐந்து மாதக் கர்ப்பிணி.

உடைந்த பாட்டில்களில் மிச்சமிருக்கும் திரவத்தையெல்லாம் ஒரு நீல டிரம்மில் ஊற்றிவைத்து, வார இறுதியில் பின்புறச் சாக்கடையில் கொட்டுவது அங்கே வழக்கம். ஆறு வாரங்களுக்கு முன், புதிதாக வந்த பையன் ஒருவன், கழிவறை சுத்தம் செய்யும் திரவம் கிடந்த அந்த டிரம்மில் பிளீச்சிங் திரவத்தை ஊற்றியிருக்கிறான். மஞ்சளும் பச்சையும் கலந்த புகை எழுந்து, மூன்று பேருக்கு மூச்சுத் திணறியது. முகம் கழுவச் சொல்லி, பாலும் வெல்லமும் கொடுத்து, அரை மணி நேரத்தில் மீண்டும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். வாசகருக்கு இன்றும் இரவில் இருமல் நிற்கவில்லை. உப்பிப்போன பவர் பேங்குகள் அட்டைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் கிடப்பதாகவும், அவற்றைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பழைய இரும்புக்காரர் எடுத்துப்போவதாகவும் எழுதுகிறார். இந்த இருமலுக்கு அந்தப் புகைதான் காரணமா, சரக்கை எப்படிப் பிரிப்பது, ஒப்பந்தத் தொழிலாளியான நான் மறுத்தால் வேலை போய்விடுமா, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பதால் பழி என்மேல் விழுமா என்பவை அவருடைய நான்கு கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "எங்கள் குடோனில் கெமிக்கல் எதுவும் இல்லை சார், சோப்பு, ஷாம்பு, கிளீனர், பேட்டரி மாதிரி கடைச் சாமான்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களும் அதை நம்பித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கழிவறை சுத்தம் செய்யும் திரவங்கள் பலவற்றில் ஏறத்தாழ 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. பிளீச்சிங் திரவம் சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் மூடியோடு அலமாரியில் நிற்கும்வரை கடைச் சாமான். மூடி உடைந்து ஒன்றோடொன்று சேர்ந்த நொடியில் குளோரின் வாயு. முதலாம் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு, போர்க்களத்தில் ஏவப்பட்ட அதே வாயு. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்று நடந்ததை 'கொஞ்சம் நெடி அடித்தது' என்று நீங்களே சுருக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மூச்சு

குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. மேலே எழும்பிக் கலைந்துபோகாமல் டிரம்மின் வாயைச் சுற்றியும் தரையை ஒட்டியும் தங்கும். குனிந்து ஊற்றிய பையனும், அவனை இழுக்கப் போன நீங்களும்தான் அதிகம் சுவாசித்திருப்பீர்கள். ஈரமான கண், மூக்கு, மூச்சுக்குழாய் ஆகியவற்றில் பட்டதும் அது அமிலமாக மாறி உட்தோலை அரிக்கிறது. நிறைய சுவாசித்தவருக்கு நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்துத்தான் வெளிப்படலாம். அரை மணி நேரத்தில் மூச்சு சீரானதை வைத்து வேலைக்குத் திருப்பி அனுப்பியது, அன்று நடந்த தவறுகளில் மிகப் பெரியது. அவ்வளவு நெருக்கத்தில் சுவாசித்தவரை மருத்துவமனையில் சில மணி நேரமாவது கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும்.

பாலும் வெல்லமும் பற்றி. பஞ்சாலையிலும் அரிசி ஆலையிலும் வேலை செய்தவர்கள் வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று சொல்லிக் கேட்டே நாம் வளர்ந்தோம். அக்கறையோடு கொடுக்கப்படுவது அது. கொடுத்தவர்மேல் குறை இல்லை. ஆனால் தின்பது இரைப்பைக்குப் போகிறது, வாயு போனது நுரையீரலுக்கு. வெல்லத்தால் அங்கே எதுவும் ஆகாது. சிகிச்சை முடிந்துவிட்டது என்ற நிம்மதியை அது தந்துவிடுகிறது என்பதே என் கவலை.

ஒரே ஒருமுறை இப்படிப்பட்ட வாயுவைச் சுவாசித்த பிறகு, 24 மணி நேரத்துக்குள் தொடங்கும் இருமலும் இளைப்பும் சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்து ஆஸ்துமா போலவே நடந்துகொள்ளும். உங்கள் இருமல் அன்றிரவே தொடங்கியது, முன்பு இளைப்பு இருந்ததில்லை, இரவிலும் குளிர்ந்த காற்றிலும் அதிகமாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதற்குப் பொருந்துகிறது. கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆறு வார இருமலுக்குக் காசநோய் உட்பட வேறு காரணங்களும் இருக்கலாம். ஆகவே சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி ஆகிய மூன்றையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறது என்கிறீர்கள், இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கே போங்கள். அங்கே "இருமல்" என்று மட்டும் சொல்லாமல், வேலை செய்யும் இடத்தில் இந்த நாளில் அமிலமும் பிளீச்சும் கலந்த புகையைச் சுவாசித்தேன் என்று சொல்லி, அது சீட்டில் எழுதப்படுகிறதா என்று பாருங்கள். பணியிடத்து விபத்து என்ற பதிவு பின்னால் தேவைப்படும்போது அந்தச் சீட்டுதான் பேசும். மற்ற இருவரையும் அழைத்துப்போங்கள். அந்தப் பையனை முதலில். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மார்பு வலித்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ மருந்தகத்துக்காகக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

எதை எதிலிருந்து பிரிப்பது

இப்போது உங்கள் பிரிவில் உடைந்த சரக்கு, காலாவதியான சரக்கு, வாடிக்கையாளர் திருப்பிய சரக்கு என்று பிரிக்கிறீர்கள். கணக்கு எழுதுவதற்கு அது சரி. பாதுகாப்புக்கு அது உதவாது. ஒரு பொருள் எதனால் கழிவானது என்பதைவிட, பக்கத்தில் இருப்பதோடு சேர்ந்தால் என்ன செய்யும் என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், எல்லாத் திரவத்தையும் ஒரே டிரம்மில் ஊற்றுவதை நாளையே நிறுத்துங்கள் என்பதை வைத்துக்கொள்ளுங்கள். கசியும் பாட்டிலை ஊற்றிக் காலி செய்யவே வேண்டாம். பாட்டிலோடு நிமிர்த்தி, அதைவிடப் பெரிய பிளாஸ்டிக் வாளியில் வைத்து, அந்த வாளியில் அதே வகைப் பொருளை மட்டும் சேருங்கள்.

அமில வகைக்கு ஒரு வாளி. பிளீச்சிங் திரவம், பிளீச்சிங் பவுடர் வகைக்கு வேறொரு வாளி. இரண்டுக்கும் நடுவே கை எட்டாத தூரமாவது வேண்டும். ஒரே தட்டில், ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கவே கூடாது. கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது. பிளீச்சோடு சேர்ந்தால் அதுவும் மூச்சை அடைக்கும் வாயுவைத் தரும். பிளீச்சிங் பவுடர் சிந்தினால் மரத்தூள் போட்டு அள்ளும் பழக்கம் பல கிடங்குகளில் இருக்கிறது. மரத்தூளும் எண்ணெய்த் துணியும் அதோடு சேர்ந்தால் தீப்பற்றலாம். உலர்ந்த மணல்தான் சரி. அடைப்பு நீக்கும் தூள் காஸ்டிக் சோடா. அதில் அலுமினியத் துருவலும் கலந்திருப்பதுண்டு. ஈரம் பட்டால் கொதித்து ஹைட்ரஜன் வாயுவை விடும். அதை உலர்ந்த இடத்தில் தனியாக வையுங்கள். அலுமினியத் தட்டில் வைக்காதீர்கள். எலி மருந்துகள் சிலவற்றில் துத்தநாக பாஸ்பைடு உண்டு. அதன்மேல் அமிலம் பட்டால் எழும் பாஸ்பீன் வாயு, குளோரினைவிடக் கொடியது. எலி மருந்தும் கழிவறைத் திரவமும் உங்கள் பிரிவில் ஒரே அலமாரியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அவற்றைப் பிரித்துவிடுங்கள்.

எரியும் வகை இன்னொன்று. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் கழித்தல் 20 டிகிரி வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். அப்படியென்றால் பெங்களூரின் மார்கழி விடியலிலும் அது எரியத் தயாராகவே இருக்கிறது. தின்னர், சானிடைசர், வாசனைத் திரவம் எல்லாம் இந்தக் கூட்டம். உடலில் அடிக்கும் ஸ்பிரே டப்பாக்கள் பலவற்றில் உந்துவாயுவாக இருப்பது நம் அடுப்பில் எரியும் எல்.பி.ஜி. வகைதான். அவற்றைத் துளையிட்டுக் காலி செய்வது கூடவே கூடாது. அட்டை அழுத்தும் பேலர் இயந்திரத்துக்குள் ஒரு டப்பா தவறிப்போனாலும் போதும். ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் இடத்தில் ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் இந்த வகையை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

உப்பிய பவர் பேங்கைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கிடங்கில் அடுத்த விபத்து நடக்குமானால் அந்தப் பெட்டியில் நடக்கத்தான் வாய்ப்பு அதிகம். லித்தியம் அயான் செல்லின் உள்ளே வாயு சேர்ந்ததால்தான் அது உப்பியிருக்கிறது. அழுத்தினாலோ, குத்தினாலோ, விழுந்தாலோ உள்ளே மின்சுற்று ஏற்பட்டுச் சூடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். ஒரு செல்லின் சூடு பக்கத்துச் செல்லைப் பற்றவைக்கும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற அரிக்கும் வாயுவும் உண்டு. அட்டைக் கட்டுகளிலிருந்து அந்தப் பெட்டியை இன்றே விலக்குங்கள். கூரையுள்ள, வெயில் படாத, சுவரை ஒட்டிச் சரக்கு இல்லாத வெளியிடத்தில் ஒரு தகர டின்னில் உலர்ந்த மணலைப் போட்டு, ஒன்றையொன்று தொடாமல் அவற்றை வையுங்கள். உலோக முனைகள்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். காற்றுப் புகாமல் மூடி இறுக்காதீர்கள். வேலை செய்கிறதா என்று சார்ஜ் போட்டுப் பார்ப்பதை அடியோடு நிறுத்துங்கள். புகைய ஆரம்பித்தால் ஆளை வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள். தூள் அணைப்பான் சுடரை அடக்கினாலும் உள்ளிருக்கும் சூடு போகாததால் அது மீண்டும் பற்றும். குளிரவைக்க ஏராளமான தண்ணீர் வேண்டும், அதைத் தீயணைப்புப் படையினரே செய்யட்டும்.

டியூப் லைட்டும் சி.எஃப்.எல். விளக்கும் உடைந்தால் பாதரச ஆவி வரும். துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கதவைத் திறந்து கால் மணி நேரம் விலகியிருந்துவிட்டு, தடித்த அட்டையால் அள்ளி மூடியுள்ள ஜாடியில் போடுங்கள். கர்ப்பிணியாக இருக்கும் உங்கள் சக ஊழியரை, பாதரசம், தின்னர், பூச்சிக்கொல்லி மூன்றும் வந்துபோகும் இந்தப் பிரிவிலிருந்து பில்லிங்குக்கோ லேபிள் ஒட்டும் இடத்துக்கோ மாற்ற வேண்டும், சம்பளம் குறையாமல். அவர் கேட்கத் தயங்கினால், ஷிஃப்ட் பொறுப்பாளராக நீங்கள் கேளுங்கள்.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் துணி முகக்கவசமும் சரி, நீங்களே வாங்கிய என்95 முகக்கவசமும் சரி, தூசியைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. புகை எழுந்தால் அணிந்துகொண்டு உள்ளே போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வெளியே போவதுதான் வழி. கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். காஸ்டிக் பட்ட இடத்தில் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றக் கூடாது. அமிலத்தைவிடக் காஸ்டிக் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும் என்பதால் தண்ணீர்க் குழாய் சில அடி தூரத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் பிரிவிலிருந்து குழாய் எத்தனை அடி என்று நாளை நடந்து பாருங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தகவல் தாள், எஸ்.டி.எஸ்., 16 பகுதிகள் கொண்டது. பத்தாவது பகுதியில் எதோடு சேரக் கூடாது என்று இருக்கும்; பதின்மூன்றாவதில் எப்படி அகற்றுவது என்று இருக்கும். முழுவதையும் படிக்க முடியாவிட்டாலும் இந்த இரண்டைக் கேட்டு வாங்குங்கள். வாளிகளில் நிறமும் படமும் போட்டு, தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் எழுதுங்கள். அந்தப் பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன் என்கிறீர்கள். அவனிடம் கையில் எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள்.

சாக்கடையில் ஊற்றியது எங்கே போகிறது

உங்கள் ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம், பெண்ணையாற்றங்கரை என்று எழுதியிருக்கிறீர்கள்; ஊர்ப் பெயரை நீக்கிவிட்டேன். நந்தி மலையில் பிறந்து, கன்னடத்தில் தட்சிண பினாகினி என்ற பெயரோடு ஹொஸ்கோட்டை வழியாக வருவதே நம் தென்பெண்ணை. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீரும் அதில்தான் சேர்கிறது. 2015இலும் 2017இலும் 2018இலும் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்ததையும், ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் மலைபோல் நுரை பொங்குவதையும் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், கடைசியில் கடலூர். வார இறுதியில் நீங்கள் கொட்டும் டிரம், நீங்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போவதற்கு முன்பே அங்கே போய்ச் சேரக்கூடியது. தண்ணீர் விட்டுக் கலக்கினால் வீரியம் போய்விடும் என்று சூப்பர்வைசர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பூச்சிக்கொல்லியும் பாதரசமும் கலக்குவதால் மறைவதில்லை. பரவுகின்றன.

பொறுப்பும் உரிமையும்

நான் வழக்கறிஞன் அல்லன். தொழிலாளர் உடல்நலத்தைப் பார்க்கும் மருத்துவனுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய அளவு சட்டத்தைச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி, அந்த இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரே கழிவுக்குப் பொறுப்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி, லேபிள், பதிவேடு வேண்டும். 90 நாளுக்கு மேல் தேக்கிவைக்கக் கூடாது. அனுமதி பெற்றவரிடம் மட்டுமே, அதற்கான படிவத்தோடு ஒப்படைக்க வேண்டும். பேட்டரிக்கும் மின்னணுக் கழிவுக்கும் 2022இல் வந்த தனித்தனி விதிகள் உண்டு. டியூப் லைட்டும் மின்னணுக் கழிவில்தான் சேரும். அவற்றைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டுக்குத் தயாரிப்பாளர்கள் கடமைப்பட்டவர்கள் என்பதால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதைவிட விநியோகஸ்தர் வழியாகத் திருப்பி அனுப்புவது நிர்வாகத்துக்கும் சுலபமான வழி. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் தண்டத்தொகை 10 ஆயிரம் ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை போகலாம். இதை மிரட்டலாகச் சொல்லாமல், நிர்வாகத்துக்கு மிச்சமாகும் பணம் என்று சொல்லுங்கள்; காது கொடுப்பார்கள்.

பழி உங்கள்மேல் விழுமா? விதிகளின்படி முதல் பொறுப்பு உங்களுடையது அன்று. ஆனால் 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், நச்சுப் பொருளைத் தெரிந்தே ஓடையிலோ சாக்கடையிலோ விடுவதை எவருக்கும் தடை செய்கிறது. இதுவரை உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். இனி அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே 'அகற்றப்பட்டது' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், யாரிடம் எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது என்று எழுதாமல் போடாதீர்கள்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு உரிமை இல்லை என்று நீங்கள் நினைப்பது தவறு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு, பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைப் பணியாளருக்குத் தருகிறது. உடலுக்கு உடனடி ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்சினால் நிர்வாகத்துக்கும் அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். பாதுகாப்பற்ற நிலையைத் தெரிவிப்பது பணியாளரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் உங்கள் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. கையுறைக்கென்று உங்கள் சம்பளத்தில் பிடித்திருந்தால் அந்தத் தொகையை நீங்கள் திரும்பக் கேட்கலாம். அதே சமயம், வேலையை விட்டு எழுந்து போய்விடலாம் என்று நண்பர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் வெளிப்படையாகத் தருவது தெரிவிக்கும் உரிமையை. புகை எழும்போது எல்லோரும் வெளியேற வேண்டும், அதில் பேச்சே இல்லை. மற்ற நாள்களில் முழு வேலையையும் மறுக்காமல், "டிரம்மில் கலக்க மாட்டேன், சாக்கடையில் ஊற்ற மாட்டேன், மற்றதையெல்லாம் செய்கிறேன்" என்று குறிப்பாகச் சொல்வதே உங்களைக் காக்கும்.

வேலை போகவே போகாது என்று நான் உறுதி தர முடியாது. ஒப்பந்தக்காரர்கள் காரணம் சொல்லாமல் ஆளை மாற்றுவதை நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் தனியாக வேண்டாம் என்கிறேன். ஏழு பேரும் கையெழுத்திட்டு, விபத்து நடந்த நாள், கலந்த பொருள்கள், பாதிக்கப்பட்டவர்கள், உங்களுக்கு வேண்டியவை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: தனித்தனி வாளிகள், மணல், கண் கழுவும் குழாய், தகவல் தாள்கள், பயிற்சி. யாரையும் குற்றம் சாட்டும் சொல் வேண்டாம். ஒப்பந்தக்காரருக்கு மட்டும் கொடுத்தால் அது அவருடைய மேசையிலேயே கிடக்கும். கிடங்கின் மேலாளருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் டிரம் மாறவில்லை என்றால் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கும், சர்ச் தெருவில் பரிசர பவனத்தில் இருக்கும் கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அதே கடிதத்தைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அனுப்புங்கள்.

கடிதம் ஏழு பேர் கைக்கும் போய் வர நாலைந்து நாள் ஆகலாம். ஸ்பைரோமெட்ரியை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் வார விடுமுறை செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் செவ்வாயே அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்விடுங்கள்.